சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் – 7: ஊளையிட்ட வளையம்

சென்ற வாரம் ஹாரி ஓல்சனையும் எவரெட் மேயையும் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தோம்.

இதுவரை நடந்தது இதுதான். ஒலியை ஒலியாலேயே அழிக்கலாம் என்று ஜெர்மனியின் பால் லூக் 1933இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1936இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அலையின் மேடு வரும் நேரத்தில் ஒரு பள்ளத்தை அனுப்பி வைத்தால் இரண்டும் சேர்ந்து தட்டையாகிவிடும் என்பது அவர் எண்ணம். அதைச் செய்துகாட்டும் மின்னணுக் கருவிகள் அவர் காலத்தில் இல்லை.

1953இல் ஓல்சனும் மேயும் வேறொரு வழியைப் பிடித்தார்கள். ஒலிபெருக்கியின் முகத்தருகே ஒரு மைக் வைத்தார்கள். மைக் எதைக் கேட்கிறதோ அதற்கு நேரெதிரானதை ஒலிபெருக்கி தள்ளும். மைக்கைச் சுற்றிச் சிறிய இடத்தில் மட்டும், தாழ்ந்த ஒலிகளில் மட்டும், சத்தம் அடங்கியது. விமான இருக்கையின் தலைப்பக்கத்தில் இதைப் பொருத்தலாம் என்றார்கள்.

ஆனால் விமானங்களில் அது இடம்பெறவில்லை. இன்னும் அமைதி வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையரின் பெருக்கத்தைக் கூட்ட வேண்டும். ஓர் அளவைத் தாண்டிக் கூட்டினால், சத்தத்தை அடக்க வந்த கருவியே கத்தத் தொடங்கும்.

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோனவுடன் காதைக் கிழிக்கும் அந்தக் கீச்சொலியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே ஊளைதான் இது. ஹெட்ஃபோனிலோ மைக்கும் ஒலிபெருக்கியும் ஒரே கிண்ணத்துக்குள், கேட்பவரின் செவித்துளையை ஒட்டியே இருக்கின்றன.

அந்த ஊளையை எப்படிக் கட்டினார்கள்?

சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு

1978. சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கும் விமானத்தில் ஓர் எம்.ஐ.டி. பேராசிரியர் அமர்ந்திருக்கிறார். பெயர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன விடுதலைப் போராளி நோனி கோபால் போஸின் மகன். 1929இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, பள்ளி வயதிலேயே ரேடியோக்களைப் பழுதுபார்த்து வளர்ந்தவர். 1964இல் தன் பெயரிலேயே ஒலிக்கருவி நிறுவனம் தொடங்கியிருந்தார்.

விமானத்தில் அப்போதுதான் மின்னணு ஹெட்ஃபோன்கள் வந்திருந்தன. ஆவலோடு மாட்டிக்கொண்டார். இசை கேட்டது. அதற்கும் மேலே எஞ்சினின் உறுமல் கேட்டது. இசையை ரசிக்க முடியவில்லை.

ஹெட்ஃபோனை ஓரமாக வைத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தார். விமானம் பாஸ்டனில் இறங்குவதற்குள் கணக்கு முடிந்திருந்தது. காதருகே ஒரு மைக், அது கேட்பதில் வேண்டாததைக் கழிக்க ஒரு பின்னூட்ட வளையம். கொள்கையளவில் இது முடியும் என்று கணக்கு சொன்னது.

இந்தக் கருவியின் வரலாற்றைச் சொல்பவர்கள் அநேகமாக இந்தக் காட்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு விமானப் பயணத்துக்குள் முடிந்த கணக்கு, விமானிகள் விலை கொடுத்து வாங்கும் பொருளாக மாறியது 1989இல். இடையே 11 ஆண்டுகள். அந்த ஆண்டுகளை விழுங்கியது எது என்பதில்தான் உண்மையான கதை இருக்கிறது.

போஸுக்குப் பின்னூட்டம் புதிதல்ல. எம்.ஐ.டி.யில் அவர் நோர்பெர்ட் வீனரிடமும் யுக்-விங் லீயிடமும் பயின்று 1956இல் முனைவர் பட்டம் பெற்றவர். விலங்கிலும் இயந்திரத்திலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ‘சைபர்நெடிக்ஸ்’ என்ற நூலையே 1948இல் எழுதியவர் வீனர். பின்னூட்டம் எவ்வளவு வலிமையானது, எவ்வளவு ஆபத்தானது என்பது அந்த வட்டத்தில் இருந்தவர்களுக்கு அரிச்சுவடி. அந்த ஆபத்தின் கணக்கு போஸ் பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது.

ஹட்சன் ஆற்றில் ஒரு படகு

1927 ஆகஸ்ட் 2, காலை. நியூ ஜெர்சிக் கரையிலிருந்து மன்ஹாட்டனுக்குப் போகும் லக்கவானா படகில் ஹரால்ட் பிளாக் நின்றுகொண்டிருந்தார். பெல் ஆய்வுக்கூடத்தின் இளம் பொறியாளர். தொலைபேசிக் குரலைக் கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோக வழியெங்கும் ஆம்ப்ளிஃபையர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் குரலைக் கொஞ்சம் கெடுக்கும். பல ஆம்ப்ளிஃபையர்களைக் கடந்த பிறகு குரலில் மிஞ்சுவது குறைவு. ஆண்டுக்கணக்காக அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சிக்கல் அது.

விடை அந்தப் படகில் வந்தது. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் ஒரு பகுதியை எடுத்து, தலைகீழாக்கி, மறுபடி உள்ளீட்டிலேயே சேர்த்துவிட்டால்? கையில் இருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் ஒரு பக்கத்திலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதினார். இதுதான் எதிர்ப் பின்னூட்டம்.

அதன் கணக்கு ஒரே வரி. வளையத்தை ஒருமுறை சுற்றிவரும்போது கிடைக்கும் பெருக்கம் 9 என்றால், வேண்டாத ஒலி (1 + 9)-ஆல் வகுபடும். பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பெருக்கம் 99 என்றால் நூறில் ஒரு பங்கு. பெருக்கத்தைக் கூட்டக் கூட்டக் குறை தேய்ந்துகொண்டே போகும். ஹெட்ஃபோனில் அந்தக் குறையின் இடத்தில் எஞ்சின் சத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். வேறு மாற்றமே தேவையில்லை.

பிளாக் 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937 டிசம்பரில்தான் கைக்கு வந்தது. வெளியீட்டை உள்ளீட்டிலேயே திருப்பிவிட்டால் அது அமைதியாக உட்கார்ந்திருக்கும் என்பதை நம்பப் பலரும் தயாராக இல்லை. நிரந்தர இயக்க இயந்திரம் கண்டுபிடித்துவிட்டோம் என்று வருபவர்களின் விண்ணப்பத்தைப் போலவே பிரிட்டிஷ் காப்புரிமை அலுவலகம் தன்னுடையதை நடத்தியதாகப் பிளாக் பின்னாளில் எழுதினார்.

சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஆம்ப்ளிஃபையர்கள் சில நேரம் உண்மையிலேயே ஊளையிட்டன. பெல் பொறியாளர்கள் அதைப் ‘பாடுகிறது’ என்பார்கள். எந்த ஆம்ப்ளிஃபையர் பாடும், எது பாடாது? முன்கூட்டியே சொல்ல யாரிடமும் வழி இல்லை.

மைனஸ் ஒன்று

வழியைக் கொடுத்தவர் ஹாரி நைக்விஸ்ட். 1889இல் ஸ்வீடனில் பிறந்து, 1907இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1932 ஜனவரியில் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் அவருடைய கட்டுரை வந்தது. இந்தத் தொடரில் வரும் மனிதர்களில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் அவர்தான். ஆனால் அவர் இல்லாமல் இந்தக் கருவி இல்லை.

நைக்விஸ்ட் கேட்ட கேள்வி இது. தலைகீழாக்கி அனுப்பிய அலை வளையத்தைச் சுற்றிவர நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தில் என்ன நடக்கிறது?

ஓர் அலை ஒரு முழுச் சுற்று முடிப்பதை 360 பாகை என்று வைத்துக்கொள்வோம். நேரெதிர் என்றால் 180 பாகை. நாம் வேண்டுமென்றே 180 பாகை திருப்பி அனுப்புகிறோம். வழியில் ஏற்படும் தாமதம் இன்னொரு 180 பாகையைச் சேர்த்துவிட்டால்? தலைகீழின் தலைகீழ் நேராகிவிடும். எதிர்க்கப் போன ஒலி, எந்த ஒலியை எதிர்க்கப் போனதோ அதற்கே துணையாகப் போய்ச் சேரும்.

அந்த இடத்தில் வளையத்தின் பெருக்கம் சரியாக 1 என்றால் கணக்கில் (1 + 9) இருந்த இடத்தில் (1 – 1) வந்து உட்காரும். வகுப்பது பூஜ்யத்தால். உள்ளே எதுவுமே கொடுக்காவிட்டாலும் வெளியே ஒலி வந்துகொண்டே இருக்கும். அதுதான் ஊளை.

தாமதம் எல்லா அலைக்கும் ஒரே அளவுதான் என்றாலும் அதன் விளைவு ஒன்றல்ல. மெதுவாக அசையும் தாழ்ந்த அலைக்கு அது துளியளவு பிசகு. வேகமாகத் துடிக்கும் உயர்ந்த அலைக்கு அதே தாமதம் பாதிச் சுற்றையே தின்றுவிடும். ஆகவே எல்லா வளையத்துக்கும் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் அந்தக் கெட்ட இடம் உண்டு. அதை அடைவதற்கு முன்பே பெருக்கம் 1-க்குக் கீழே இறங்கிவிட்டால் ஆபத்து இல்லை.

நைக்விஸ்ட் இதை ஒரு படமாக்கினார். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் வளையத்தின் பெருக்கத்தையும் திருப்பத்தையும் ஒரு தாளில் புள்ளியாக வைத்து இணைத்தால் ஒரு கோடு சுழன்று வரும். அந்தத் தாளில் மைனஸ் ஒன்று என்ற புள்ளி இருக்கிறது. கோடு அதைச் சுற்றி வளைத்தால் கருவி பாடும். வளைக்காவிட்டால் பாடாது. கருவிக்கு இணைப்புக் கொடுப்பதற்கு முன்பே, அளந்த புள்ளிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

இன்றும் ஒலியடக்கும் ஹெட்ஃபோன் வடிவமைப்பவர்கள் இந்தப் படத்தை வரைந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஒரு சென்டிமீட்டர்

இனி 1978க்குத் திரும்பலாம். போஸின் கணக்கில் மிக முக்கியமான எண் எது என்று என்னைக் கேட்டால், மைக்குக்கும் ஒலிபெருக்கிச் சவ்வுக்கும் இடையே உள்ள தூரம் என்பேன்.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 290 மைக்ரோ நொடி ஆகும். ஒரு மைக்ரோ நொடி என்பது ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. இந்தத் தாமதம் ஒன்றே போதும், 1,700 ஹெர்ட்ஸ் வருவதற்குள் 180 பாகை தீர்ந்துவிடும்.

அதே தூரத்தை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்குங்கள். தாமதம் 29 மைக்ரோ நொடி. 100 ஹெர்ட்ஸில் பிசகு ஒரு பாகை அளவுதான். 1,000 ஹெர்ட்ஸில் பத்துப் பாகை. 180 பாகையைத் தொட 17,000 ஹெர்ட்ஸ் வரை போகவேண்டும்.

ஓல்சனும் மேயும் திறந்த வெளியில் போராடினார்கள். 1950களின் இரண்டாம் பாதியில் வில்லார்ட் மீக்கர் அமெரிக்க விமானப்படைக்காக இதே வளையத்தைக் காதுமூடிக்குள் வைத்து ஆராய்ந்தார். பாதை சரியானது. வெற்றிடக் குழாய்களும் பருத்த மைக்குகளும் கொண்ட காலத்தில் அதைத் தலையில் சுமக்கும் பொருளாக்குவதுதான் பெரும்பாடு.

1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். மெல்லிய படலத்தில் மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பதித்துவைத்த மைக் அது. மலிவானது, மிகச் சிறியது. அதைச் சவ்வுக்கு எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் வைக்கலாம்.

போஸும் ஜான் கார்ட்டரும் 1982இல் விண்ணப்பித்து 1984இல் பெற்ற காப்புரிமையின் சாரம் இதுதான்: சவ்வுக்கும் செவித்துளைக்கும் இடையே ஒரு சின்னஞ்சிறு அறை, அந்த அறைக்குள் சவ்வை ஒட்டினாற்போல் ஒரு குட்டி எலெக்ட்ரெட் மைக், மைக் தரும் சைகையை நாம் கேட்க விரும்பும் இசையோடு சேர்த்து மறுபடி சவ்வுக்கே அனுப்பும் சுற்று.

படித்தால் எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் வாங்கிக் கொடுத்த 17,000 ஹெர்ட்ஸ் முழுவதும் கையில் நிற்பதில்லை. சவ்வுக்கு நிறை உண்டு, விறைப்பு உண்டு. தன் இயல்பான அதிர்வைத் தாண்டியதும் அதுவும் பின்தங்கும். கிண்ணத்துக்குள் காற்று எதிரொலித்து இங்கும் அங்கும் முகடுகளை எழுப்பும். ஒவ்வொன்றும் கையிருப்பில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். கடைசியில், பின்னூட்டத்தால் பயனுள்ள அளவு அடக்க முடிந்தது ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான்.

அந்த எல்லைக்கு மேலே பெருக்கத்தைச் சட்டென்று வெட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இன்னொருவர் குறுக்கே நிற்கிறார்.

போடே விதித்த எல்லை

ஹென்ட்ரிக் போடேவும் பெல் ஆய்வுக்கூடத்தவர். 1940இல் அவர் வெளியிட்ட கட்டுரையை ஊளையோடு போராடுபவர்கள் மறக்கவே முடியாது.

பெருக்கத்தையும் திருப்பத்தையும் தனித்தனியாக நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது என்று அவர் காட்டினார். பெருக்கம் எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறதோ அவ்வளவு அலை பின்தங்கும். ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபல் வீதம் சரிந்தால் 90 பாகை. 12 டெசிபல் வீதம் சரிந்தால் 180 பாகை. அவசரப்பட்டு வெட்டினால், எதிலிருந்து தப்பிக்க வெட்டினோமோ அதே 180 பாகையில் போய் விழுவோம்.

ஆகவே சரிவை மெதுவாக, பல ஸ்தாயிகளில் நீட்டி இறக்க வேண்டும். இறங்கும் வழியெல்லாம் அலை திரும்பிக்கொண்டே இருக்கும். பெருக்கம் 1-க்குக் கீழே வந்த பிறகும் தொல்லை தீராது. பெருக்கம் அரையாகி, திருப்பம் 180 பாகையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். (1 – ½). அரையால் வகுத்தால் இரண்டு. ஊளை இல்லை, ஆனால் அந்த அதிர்வெண்ணில் வெளிச்சத்தம் குறைவதற்குப் பதிலாக இரு மடங்காகிறது.

போடே இதையும் ஒரு கணக்குக்குள் அடக்கிவிட்டார். இப்படிப்பட்ட வளையங்களில், சில அதிர்வெண்களில் நீங்கள் அடக்கியது எவ்வளவோ அவ்வளவும் வேறு அதிர்வெண்களில் எழுந்து நின்றே தீரும். சுற்றை எவ்வளவு திறமையாக அமைத்தாலும் மொத்தக் கணக்கு மாறாது. ஒலியடக்கும் ஹெட்ஃபோனை இயக்கியதும் உறுமல் மறைந்து, மெல்லிய ‘உஸ்’ என்ற ஒலி தலைகாட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். மைக்கின் சொந்த இரைச்சலோடு, இந்தக் கணக்கும் அதற்குள் கலந்திருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் திருப்புமுனை இங்கேதான் இருக்கிறது. எல்லாச் சத்தத்தையும் மின்னணுவால் அடக்கிவிடலாம் என்ற லூக்கின் காலத்து ஆசையைக் கைவிடும் துணிவு இங்கே தேவைப்பட்டது.

காதை மூடும் கிண்ணமும் மெத்தையும் ஏற்கெனவே ஒரு வேலையைச் செய்கின்றன. உயர்ந்த ஒலிகளை அவை நன்றாகத் தடுக்கும், மின்சாரமே வேண்டாம். தாழ்ந்த ஒலிகளில்தான் தோற்கும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டருக்கும் மேல். ஒரு கைப்பிடி நுரையும் பிளாஸ்டிக்கும் அதற்கு ஒரு தடையே அல்ல. விமான எஞ்சினின் உறுமல் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

ஆகவே வேலையைப் பங்கு போட்டார்கள். அடியில் உள்ளதை வளையம் பார்த்துக்கொள்ளும். மேலே உள்ளதை மெத்தை பார்த்துக்கொள்ளும். போடே சொன்ன அந்தப் புடைப்பை, மெத்தை தானாகவே நன்றாகத் தடுக்கத் தொடங்கும் பகுதியில் விழும்படி நகர்த்தினார்கள். அங்கே சத்தம் கொஞ்சம் கூடினாலும் மெத்தை அதை விழுங்கிவிடும். மின்சுற்றை வரைபவரும் மெத்தை தைப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும். இந்தப் பொருளை உருவாக்கியதில் நுரைக்கும் துணிக்கும் இருந்த பங்கைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

எல்லாத் தலையும் ஒன்றல்ல

இவ்வளவும் சரியாக அமைந்து, ஆய்வுக்கூட மேசையில் இருந்த செயற்கைக் காதில் வளையம் அமைதியாக ஓடியது என்று வையுங்கள். அடுத்து அதை மனிதத் தலையில் மாட்ட வேண்டும்.

கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று, கேட்பவரின் காது மடல், செவித்துளை, தலைமுடி எல்லாமே வளையத்தின் உறுப்புகள். நைக்விஸ்ட் பார்த்த தொலைபேசி ஆம்ப்ளிஃபையரில் பாகங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. இங்கே வளையத்தின் ஒரு பகுதி மெல்கிறது, வியர்க்கிறது, தலையைத் திருப்புகிறது.

கண்ணாடி போட்டவர் மாட்டினால் சட்டக்கால் மெத்தையைத் தூக்கி ஓர் இடுக்கை உண்டாக்கும். தாழ்ந்த ஒலியின் அழுத்தம் அந்த வழியாகக் கசிந்துவிடும். வளையத்தின் பெருக்கம் அடியில் விழுந்து, அடக்கும் ஆற்றல் குறையும். ஏமாற்றம்தான், ஆபத்தில்லை.

மாறாக, சோர்ந்துபோனவர் தலையைச் சன்னல் பக்கம் சாய்த்து ஒரு கிண்ணத்தை அழுத்தினால்? உள்ளே அடைபட்ட காற்றின் அளவு சுருங்குகிறது. சவ்வின் அதே அசைவு இப்போது அதிக அழுத்தத்தை உண்டாக்குகிறது. சுற்றில் யாரும் எதையும் தொடவில்லை. ஆனாலும் பெருக்கம் ஏறிவிட்டது. மைனஸ் ஒன்றுக்கு வெளியே பாதுகாப்பாக ஓடிய கோடு வீங்கி அதை வளைத்துக்கொள்ளும். அடுத்த கணம் காதுக்குள் கீச்சொலி.

கழற்றும்போது கிண்ணத்தைக் கையால் மூடினால் வேறொரு முகடு எழும். மேசையில் கவிழ்த்து வைத்தால் இன்னொன்று. அடிப்பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் அலை பின்தங்குவதற்குப் பதிலாக முந்தத் தொடங்கும். அங்கே வளையம் நிலை தவறினால் வருவது கீச்சொலி அல்ல, குடுகுடுவென்ற துடிப்பு. கிண்ணத்தைத் தலையில் அமுக்கும்போது எழும் அழுத்தமே ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்குத் தள்ளிவிடப் போதும்.

இதற்கு இருந்த ஒரே மருந்து விளிம்பு விட்டுவைப்பது. பெருக்கம் திடீரென்று இரு மடங்கானாலும், திருப்பம் இன்னும் 45 பாகை கூடினாலும் கோடு மைனஸ் ஒன்றைத் தொடாத தூரத்தில் நிற்க வேண்டும். அந்த விளிம்புக்கு விலை உண்டு. ஒவ்வொரு டெசிபல் விளிம்பும் ஒரு டெசிபல் அமைதியைக் கேட்கும். பத்தில் ஒன்பது தலைகளுக்கு மிக அருமையான அமைதியைக் கொடுத்திருக்கக்கூடிய வளையம், பத்தாவது தலையில் ஊளையிடும் என்பதற்காக எல்லாருக்கும் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கப்பட்டது.

கிண்ணத்தின் உள்சுவரில் நுரை ஒட்டி, எதிரொலியின் முகடுகளைத் தட்டையாக்கினார்கள். மெத்தையை மேலும் மென்மையாக்கி, எந்தத் தாடையிலும் இடுக்கு விழாதபடி தைத்தார்கள். போஸ் நிறுவனத்தின் ரோமன் சாபியெவ்ஸ்கி பெயரில் 1987இல் வந்த காப்புரிமை, ஒலியழுத்தத்தை உணரும் ஹெட்ஃபோனையே பொருளாகக் கொண்டது. அதே ஆண்டில் ஜெர்மனியில் சென்ஹைசர், லுஃப்தான்சா விமானிகளின் தேவைக்காகத் தொடங்கிய தன் ஒலியடக்கும் ஹெட்செட்டை வெளிக்காட்டியது. பந்தயத்தில் போஸ் தனியாக இல்லை.

ஒன்பது நாள்

1986 டிசம்பர் 14. கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து வாயேஜர் என்ற விமானம் எழும்பியது. உள்ளே டிக் ரூட்டனும் ஜீனா யேகரும். எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிவருவது நோக்கம். எடையைக் குறைக்க எல்லாவற்றையும் துறந்த விமானம் அது. எஞ்சினுக்கும் அவர்கள் காதுக்கும் இடையே சத்தத்தைத் தடுக்கும் கனமான எதுவும் இல்லை. ஒரு மணி நேரமல்ல, ஒரு நாளல்ல, ஒன்பது நாள்.

அவர்கள் காதில் இருந்தவை போஸ் நிறுவனத்தின் முன்மாதிரி ஹெட்செட்டுகள்.

செயற்கைக் காதில் நடத்தும் எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது. நெருக்கடியான அறை. ஒருவர் ஓட்ட, மற்றவர் படுக்க வேண்டும். வெப்பமும் குளிரும் மாறி மாறி வரும். பக்கத்தில் உதவிக்குப் பொறியாளர் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் வளையம் ஊளையிட்டால் விமானி அதைக் கழற்றி எறிவதைத் தவிர வேறு வழி இருக்காது. எறிந்தால் மிச்ச நாள் முழுவதும் வெறும் காதில் எஞ்சின்தான்.

டிசம்பர் 23 அன்று வாயேஜர் புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கியது. சுமார் 40,000 கிலோமீட்டர். உலகம் விமானத்தைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த இரண்டு பேரின் காதுகளில் இருந்த வளையங்களையும் இந்தத் தொடரில் நாம் எண்ணிக்கொள்ள வேண்டும்.

மூன்றாண்டு கழித்து, 1989இல், போஸ் நிறுவனத்தின் ஒலியடக்கும் ஹெட்செட் விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பயணிகளுக்கான ‘குவயட் கம்ஃபர்ட்’ வர 2000 ஆனது.

தீராத கணக்கு

இந்த வளையங்கள் எல்லாமே ஒப்புமைச் சுற்றுகள். மின்தடையும் மின்தேக்கியும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து, வந்த சைகையை வந்த கணத்திலேயே வளைத்து அனுப்பும். வேகத்தில் அவற்றுக்கு இணையில்லை. ஆனால் தொழிற்சாலையில் எப்படிப் பற்றவைக்கப்பட்டனவோ அப்படியேதான் கடைசிவரை இருக்கும். யார் மாட்டியிருக்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறாரா, சாய்ந்து அழுத்துகிறாரா என்பது அவற்றுக்குத் தெரியாது. பத்தாவது தலைக்காக மற்ற ஒன்பது தலைகளும் இழக்கும் அமைதி இழந்ததாகவே இருக்கும்.

மாட்டியவரின் காதுக்கு ஏற்பத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு சுற்று இருந்தால்? அதற்கான கணிதம் ஏற்கெனவே ஒரு மூலையில் காத்திருந்தது. 1960இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் டெட் ஹாஃபும், தன் பிழையைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் எளிய முறையொன்றை வெளியிட்டிருந்தார்கள். அதை ஓட்ட எண்முறைக் கணிப்பான் வேண்டும். கணிப்பான் சில்லுகளும் 1980களில் மலிவாகத் தொடங்கின.

ஆனால் எண்முறைக் கருவி ஒலியை அப்படியே பார்ப்பதில்லை. துண்டு துண்டாக அளந்துதான் பார்க்கிறது. சி.டி.யில் இருக்கும் வேகத்தில், நொடிக்கு 44,100 முறை அளந்தால், ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே 23 மைக்ரோ நொடி. அதற்குள் ஒலி காற்றில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் போய்விடுகிறது. எலெக்ட்ரெட் மைக்கும் போஸின் ஆண்டுகளும் சேர்ந்து சம்பாதித்த அந்த ஒரு சென்டிமீட்டர், ஒரே ஓர் அளவீட்டில் கிட்டத்தட்டச் செலவாகிவிடும். ஒலியை எண்ணாக்க, எண்ணை மறுபடி ஒலியாக்க, நடுவே கணக்குப் போட என்று சேர்ந்து கால் மில்லி நொடி ஆனாலே 1,000 ஹெர்ட்ஸில் 90 பாகை போய்விடும். நைக்விஸ்டின் கோடு நேரே மைனஸ் ஒன்றை நோக்கித் திரும்பும்.

கற்றுக்கொள்ளத் தெரிந்த சுற்று தாமதமாகிறது. தாமதமில்லாத சுற்றுக்குக் கற்கத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே கிண்ணத்துக்குள், ஊளையில்லாமல் உட்கார வைக்க முடியுமா?

(அடுத்த வாரம் தொடரும்)